கொல்லர் செதுக்கிய நீதிபதி

முகமூடி என்று சொல்கிறோம். முகத்தை மூடுவது. தமிழில் இந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருகிறவன் கொள்ளைக்காரன். துண்டறிக்கை எழுதும்போதும் ‘ஆதிக்க சக்திகளின் முகமூடி கிழிந்தது’ என்றுதான் எழுதுகிறோம். மூடியிருப்பது பொய், உள்ளே இருப்பது உண்மை என்ற ஏற்பாடு அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க முகமூடிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் காலை வாருவது இந்தச் சொல்தான். வேறு சொல் கைவசம் இல்லாததால் இதையே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். படிக்கிறவர்கள் அந்தக் கொள்ளைக்காரனை மட்டும் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு வாருங்கள்.

நம் நூலகங்களில் கிடைக்கும் ஓவிய வரலாற்றுப் புத்தகங்களில் ஆப்பிரிக்க முகமூடி எப்போதும் பிக்காசோவின் வாசல்படியில்தான் நிற்கும். 1907இல் அவர் பாரிசில் த்ரோகாதெரோ அருங்காட்சியகத்துக்குப் போனார், பார்த்தார், அதிர்ந்தார், ‘அவிஞ்ஞோன் பெண்கள்’ ஓவியத்தை முடித்தார், நவீன ஓவியம் பிறந்தது. முகமூடியின் கதை அத்தோடு முடிந்துவிடும். அது எந்த ஊர், அங்கே அது என்ன வேலை பார்த்தது, யார் செதுக்கியது, யார் அதைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்விகள்தான் வேண்டும். பிக்காசோவை வாசலிலேயே விட்டுவிடுவோம்.

லைபீரியாவின் வடகிழக்கிலும் ஐவரி கோஸ்ட்டின் மேற்கிலும் வாழ்கிற டான் மக்களிடம் ஒரு முகமூடி உண்டு. வட்டமான பெரிய கண்துளைகள், சிலவற்றில் அந்தக் கண்களைச் சுற்றிச் சிவப்புத் துணி. அதன் வேலை தீயணைப்பு. மழையில்லாத மாதங்களில், காற்று எழுகிற நேரத்துக்கு முன்னால் அடுப்பெல்லாம் அணைந்திருக்க வேண்டும். கூரைகள் புல்லால் வேய்ந்தவை. ஒரு பொறி போதும், ஊரே போய்விடும். அந்த முகமூடி தெருத்தெருவாக ஓடிவந்து பார்க்கும். எங்கேயாவது அடுப்பு எரிந்தால் பானையை உதைத்துத் தள்ளும், அடிக்கும், அபராதம் வாங்கும். வேகமாக ஓடுவதற்கென்றே இன்னொரு முகமூடி. அதைத் துரத்திப் பிடிப்பது வாலிபர்களுக்குப் போட்டி. பாடி ஆடி மகிழ்விப்பது வேறு. இவை எல்லாவற்றுக்கும் மேலே பெரிய முகமூடிகள்: அவை வழக்குத் தீர்க்கும், இரண்டு ஊர்ச் சண்டையின் நடுவே வந்து நின்று சண்டையை நிறுத்தும். லைபீரியாவில் கான்டா ஊரில் மருத்துவம் பார்த்த மிஷனரி ஜார்ஜ் ஹார்லி இவற்றைப் பற்றி எழுதி 1950இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இவற்றைச் சமூகக் கட்டுப்பாட்டின் முகவர்கள் என்று சொல்லியிருக்கிறார். மிஷனரியின் வாயிலிருந்து வந்தாலும் சரியான வார்த்தைதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பதவி உயர்வு. ஒரு சாதாரண ஆட்ட முகமூடி, காலம் ஆக ஆகப் பேர் வாங்கி, நீதி சொல்கிற முகமூடியாக உயரலாம். மரம் அதே மரம். உத்தியோகம் மாறிவிட்டது. டான் மொழியில் ‘கே’ என்று சொன்னால் அது மரத்துண்டை மட்டும் குறிக்காது. காட்டிலிருந்து ஊருக்குள் வர விரும்பிய ஆவி, உடுப்பு, நார்ப்பாவாடை, உள்ளே இருக்கிற ஆள், அவன் குரல், கூட வருகிற பாட்டுக்காரர்கள் எல்லாம் சேர்ந்த ஒரு ஆள் அது. நாம் கண்ணாடிப் பெட்டியில் பார்ப்பது அந்த ஆளின் முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவே. தாசில்தாரின் நாற்காலியை மட்டும் தூக்கிக்கொண்டு போய் ‘இதுதான் தாசில்தார்’ என்று காட்டுவது மாதிரி.

சரி, அடுத்த கேள்விக்கு வருகிறேன். உண்மையில் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்ததே அதுதான். யார் செதுக்கியது?

மாலியில் பமானா மக்களிடமும், அவர்களைச் சேர்ந்த மாண்டே மொழி பேசும் பரந்த நிலப்பரப்பு முழுவதிலும், முகமூடியைச் செதுக்குகிறவர் கொல்லர். அவர்கள் மொழியில் நூமு. இரும்பும் மரமும் ஒரே கையில். மண்வெட்டி, கத்தி, அம்பு முனை எல்லாம் உலையில் அடிப்பவரும் அவர், வாய்ச்சி பிடித்து மரத்தில் முகம் இறக்குபவரும் அவர். அவர் வீட்டுப் பெண்கள் குயவர்கள். பானை அவர்கள் கையில். பையன்களுக்குச் சுன்னத்துச் செய்வது கொல்லர். சண்டை வந்தால் சமாதானம் பேசக் கூப்பிடுவதும் அவரைத்தான். கொல்லர் இல்லாமல் அங்கே விதைப்பும் இல்லை, அறுப்பும் இல்லை, ஆண்பிள்ளை ஆளாவதும் இல்லை.

அந்தக் கொல்லர் வீட்டில் பிறந்த பெண்ணை உழவர் குடியில் கட்டமாட்டார்கள்.

மாண்டே சமூகத்தில் மூன்று அடுக்கு. மேலே ஹோரோன் என்கிற உழவர், போர்வீரர், அரச குடிகள். கீழே ஜோன் என்கிற அடிமைகள். இரண்டுக்கும் வெளியே, ஒரு பக்கமாக, ஞாமகாலா என்று ஒரு தொகுதி: கொல்லர், ஜெலி என்கிற பாணர், தோல் வேலை செய்யும் கரங்கே முதலியோர். பிறப்பால் தொழில், தங்களுக்குள் மட்டும் திருமணம். ஞாமா என்பது பொருள்களுக்குள்ளும் உயிர்களுக்குள்ளும் ஓடுகிற ஒரு ஆற்றல். வேட்டையாடும்போது, இரும்பை உருக்கும்போது, மரத்தை வெட்டும்போது, ஒருவரைப் புகழ்ந்து பாடும்போதுகூட அது கட்டவிழ்ந்து வெளிப்படும். அதைக் கையாளத் தெரிந்தவர்கள் இவர்கள். அதனால் பயம். அதனால் ஒதுக்கல். அதே காரணத்தால் தேவையும்கூட. பயமும் இளக்காரமும் ஒரே பாயில் படுத்திருப்பதை நான் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் வந்து பார்த்து இதற்கு ‘காஸ்ட்’ என்று பெயர் வைத்தார்கள். போர்த்துகீசியர் நம் நாட்டைப் பார்த்து வைத்த அதே சொல். உடனே இரண்டும் ஒன்று என்று துள்ளவேண்டாம். அங்கே தொட்டால் தீட்டு என்று மநு எழுதிவைத்த மாதிரி ஒரு சாத்திரம் கிடையாது. சேரி தனியாக வைக்கப்படவில்லை. கொல்லர் ஊர் நடுவிலேயே உலை வைத்திருந்தார். ஆனால் ‘அது வேற, நம்மது வேற’ என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகவும் முடியாது. செனகலில் பாணர் இறந்தால் மண்ணில் புதைக்க விடவில்லை. மண் கெட்டுப்போகும், மழை வராது என்று, பாவோபாப் மரத்தின் பொந்தில் பிணத்தை வைத்தார்கள். சுடுகாட்டுப் பாதைக்காக மண்டை உடைபட்டவர்கள் இதைப் படித்துவிட்டு என்ன நினைப்பார்களோ நினைக்கட்டும். 2001இல் டர்பன் மாநாட்டில் சாதியைப் பேசவிடாமல் இந்திய அரசு மல்லுக்கட்டியது நமக்குத் தெரியும். மறு வருடமே, 2002இல், இன ஒதுக்கலுக்கு எதிரான ஐ.நா. குழு தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில் சாதியையும் அதுபோன்ற பிறப்புவழி ஏற்பாடுகளையும் ஒரே மூச்சில் சொன்னது. அந்த ஆண்டுகளில் ஐ.நா. துணை ஆணையத்துக்கு எழுதப்பட்ட அறிக்கைகளில் நம் பெயருக்குப் பக்கத்தில் மேற்கு ஆப்பிரிக்கக் குழுக்களின் பெயரும் வந்தது. காகித உறவுதான். இருந்தாலும் உறவு.

இப்போது கோமோவுக்கு வருகிறேன். கோமோ என்பது ஆண்களின் இரகசிய அமைப்பு. குறி சொல்லும், பில்லிசூனியக்காரரைத் தேடிப் பிடிக்கும், பொய்ச் சத்தியம் செய்தவனைத் தண்டிக்கும், வழக்கைக் கேட்கும். அதன் முகமூடிக்கு ‘கோமோவின் தலை’ என்று பெயர். நீண்ட பிளந்த வாய், மேலே மான் கொம்புகள், பறவை இறகு, முள்ளம்பன்றி முள். பலி இரத்தமும் கூழும் அடுக்கடுக்காக ஊற்றி ஊற்றி மரம் தெரியாமல் பொருக்குத் தட்டியிருக்கும். அழகு பார்க்கச் செய்ததல்ல. தெளிவாக எதுவும் தெரியக்கூடாது என்பதற்காகவே செய்தது; இன்ன மிருகம் என்று சொல்ல முடியாது. பமானாக்களிடமே சிவாரா என்ற இன்னொன்று உண்டு. மான் வடிவத் தலையணி, ஆணும் பெண்ணும் ஜோடியாக, மெல்லிய கோடு மாதிரிக் கொம்புகள். உழவைக் கற்றுக்கொடுத்த ஆதி உயிர் அது. வயலில் மண்வெட்டிப் போட்டியில் வென்ற வாலிபர்கள் அதைத் தலையில் கட்டி ஆடுவார்கள். பெண்கள் நின்று பாடுவார்கள். உலகத்தின் எல்லா அருங்காட்சியகங்களுக்கும் சிவாரா வேண்டும், கோமோ கொஞ்சம் சங்கடம். இரண்டையும் செதுக்கிய கை ஒன்றுதான்.

கோமோவின் தலைவர் கொல்லர். அந்தத் தலையை மாட்டிக்கொண்டு ஆடுவதும் கொல்லர்தான். இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பகலில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக் கொடுக்கிற, பெண் கொடுக்காத, பெண் எடுக்காத வீட்டுக்காரர். இரவில் அவர் வாயிலிருந்து, குழல் வழியே உருமாறிய குரலில், ஊருக்குச் சட்டம் வருகிறது. உழவர் குடியின் பெரிய மனிதர் அந்தக் குரலுக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டியவர். விடிந்தால் கொல்லர் மறுபடி கொல்லர். அவருக்குப் பெண் கிடைக்கும் வீடுகள் கூடிவிடவில்லை.

‘பாத்தீங்களா, அங்கேயாவது ஒதுக்கப்பட்டவன் கையில அதிகாரம் இருந்திருக்கு’ என்று ஒரு தோழர் மகிழ்ந்துபோனார். எனக்கு அந்த மகிழ்ச்சி முழுதாக வரவில்லை. ஒருவரை ஒதுக்கி வைப்பதற்கும் அவரையே நீதிபதி ஆக்குவதற்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது. உறவு இல்லாதவன்தான் பாரபட்சம் பார்க்கமாட்டான். மண உறவே வைக்காத குடும்பத்தின் ஆள் தீர்ப்புச் சொன்னால், பங்காளி என்று யாரும் குறை சொல்ல முடியாது. ஆக, ஒதுக்கல் அந்த நீதிமன்றத்தின் அஸ்திவாரம். ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த அஸ்திவாரத்தின் மேல் நின்றுகொண்டு கொல்லர்கள் சும்மா இருக்கவில்லை. அறிவைத் தங்களுக்குள் பூட்டி வைத்தார்கள். எந்த இலை, எந்த மரம், எந்த மந்திரம் என்பதை விலைக்கும் கொடுக்கவில்லை. அமெரிக்க ஆய்வாளர் பேட்ரிக் மெக்நாட்டன் மாலியில் கொல்லர் பட்டறையில் தானும் உட்கார்ந்து வேலை கற்றுக்கொண்டுதான் 1988இல் மாண்டே கொல்லர்களைப் பற்றிய நூலை எழுதினார்.

கொல்லர்கள் அரசாண்டதும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் சோசோ நாட்டை ஆண்ட சுமாவுரு கான்ட்டே கொல்லர் குலம். அவரைத் தோற்கடித்துத்தான் சுன்ஜாட்டா மாலிப் பேரரசை நிறுவினார். காவியம் வென்றவருடையது, அதில் சுமாவுரு மனிதத் தோலை உடுத்திய கொடியவர். நாம் நம்முடைய அரக்கர்களை எப்படிப் படிக்கப் பழகினோமோ அப்படி இதையும் படித்துக்கொள்ளலாம். ஒரு வேடிக்கை: அவருடையது என்று சொல்லப்படுகிற மரப்பலகை இசைக்கருவியை, அந்தச் சோசோ பாலாவை, கினியின் நியாகசோலா ஊரில் ஒரு பாணர் குடும்பம் இன்றும் பொத்திப் பாதுகாக்கிறது.

இதையெல்லாம் ஒரு வாசிப்பு வட்டத்தில் நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்டார்: “கோமோ வர்ற அன்னிக்குப் பொம்பளைங்க என்ன பண்ணுவாங்க?” வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள், பார்க்கக் கூடாது என்றேன். “அப்ப அது ஊருக்கு வந்த நீதிபதி இல்ல தம்பி. பாதி ஊருக்கு வந்த போலீசு.”

அந்தக் கேள்வியை ஓரம் கட்டிவிட்டு முகமூடியைப் பற்றிப் பேசவே முடியாது. டோகோன் மக்களிடம் சதிம்பே என்றொரு முகமூடி. தலைக்கு மேலே கைகளை நீட்டி ஒரு பெண் நிற்பாள். அவர்கள் சொல்லும் கதைப்படி முகமூடியை முதலில் கண்டெடுத்தவள் பெண். அவளிடமிருந்து ஆண்கள் பறித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து, இறந்தவரின் உயிரை ஊரைவிட்டு வழியனுப்புகிற தாமா சடங்கில் முகமூடிகள் வரும்போது பெண்கள் தூரத்தில் நிற்க வேண்டும். ‘முகமூடிகளின் சகோதரி’ என்று பட்டம் பெற்ற ஒருசிலருக்கு மட்டும் விலக்கு. திருடியவன் தான் திருடியதைத் தானே மரத்தில் செதுக்கித் தலைமேல் தூக்கிக்கொண்டு ஆடுகிறான். இவ்வளவு வெளிப்படையான ஆணாதிக்கத்தை வேறெங்கும் பார்த்ததில்லை.

பெனின் நாட்டின் கெத்து நகரிலிருந்து பரவியதாகச் சொல்லப்படும் யொருபா மக்களின் கெலதே இதற்கு நேர் எதிர்ப்பக்கம். அதிலும் ஆடுவது ஆண்களே. ஆனால் ‘நம் தாய்மார்’ என்று அழைக்கப்படும் மூத்த பெண்களின் ஆற்றலுக்குப் பயந்து, அவர்களைக் குளிர்விக்க, மார்பும் இடுப்பும் வைத்துக் கட்டிப் பெண்ணாக வேடமிட்டு ஆடுவார்கள். முதல்நாள் இரவு எஃபே என்ற முகமூடி பாடும். ஊரில் யார் ஏமாற்றினான், எந்த அதிகாரி வாயில் போட்டுக்கொண்டான் என்று பாட்டிலேயே கிழிக்கும். தாய்மாரின் பாதுகாப்பில் பாடுவதால் யாரும் கை வைக்க முடியாது. தலையில் வைக்கிற மரச்சிற்பத்தில் தையல் மிஷின், மோட்டார் சைக்கிள் எல்லாம் வரும். பாரம்பரியம் என்றால் உறைந்துபோனது என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

பெண்களே முகமூடி அணிகிற இடமும் உண்டு. சியரா லியோனிலும் லைபீரியாவிலும் மெண்டே, வாய், கோலா முதலிய மக்களின் சாண்டே என்ற பெண்கள் அமைப்பு. அதன் முகமூடி தலை முழுவதையும் மூடுகிற கறுப்பு மரக் கவசம். பளபளக்கும் கறுப்பு. இலைச்சாற்றில் கறுப்பேற்றி எண்ணெய் போட்டுத் தேய்த்த கறுப்பு. அகன்ற நெற்றி, மூடின சின்ன வாய், தாழ்ந்த கண், கழுத்தில் வளையம் வளையமாகச் சதைமடிப்பு, உச்சியில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமான பின்னல். நீரடியிலிருந்து எழுந்து வந்தவள் அவள். ஆடுவாள், பேசமாட்டாள். உடம்பில் ஒரு இம்மி தெரியாதபடி கறுப்பு நார் மூடியிருக்கும். கறுப்பு என்றால் அழகு என்று யாரும் முழக்கம் போடத் தேவையில்லாத ஒரு இடத்தில் செதுக்கப்பட்ட முகம் அது. கூடவே கோண்டே என்று ஒருத்தி வருவாள். விரிசல் விட்ட பழைய முகமூடி, கந்தல், டப்பா, ஓட்டை உடைசல் எல்லாம் தொங்கவிட்டுக்கொண்டு, அந்த அழகியின் பின்னாலேயே தப்பும் தவறுமாக ஆடி, காசு கேட்டு, சிரிக்க வைப்பாள். அழகின் சட்டத்தைச் சொன்ன கையோடு அதைக் கேலி செய்யவும் ஆள் வைத்திருக்கிறார்கள்.

அந்த முகமூடி ஆடி வரவேற்கிற சிறுமிகள் காட்டுக்குள் பெண்ணுறுப்புச் சிதைப்புக்கு உட்பட்டு வந்தவர்கள். இதை அழகியல் பேசுகிறவர்கள் அடிக்குறிப்பில் போட்டுவிடுவார்கள். ‘காட்டுமிராண்டித்தனம்’ என்று கத்துகிற ஐரோப்பியர்கள் முகமூடியைப் பார்க்கவே மாட்டார்கள். சாண்டே பெண்களுக்குத் தலைமை, மருத்துவம், ஒருவருக்கொருவர் துணை, ஆண்கள் நுழைய முடியாத ஒரு இடம் எல்லாவற்றையும் தந்தது. அதே கையால் கத்தியையும் வைத்திருந்தது. 2024இல் சியரா லியோன் குழந்தைத் திருமணத்தைத் தடை செய்து சட்டம் போட்டபோதும் இந்தச் சிதைப்பைத் தடை செய்யும் விதி அதில் சேரவில்லை. அந்த நாட்டின் ருகியாத்து துராய் போன்ற பெண்கள், கத்தி இல்லாமல், மற்றச் சடங்கும் ஆட்டமும் பாட்டும் அப்படியே இருக்க, ‘இரத்தமில்லாத’ தீட்சையை நடத்திக் காட்டிவருகிறார்கள். சாண்டேயின் உள்ளே இருந்து வருகிற திருத்தம் இது. வெளியிலிருந்து வந்த திருத்தங்கள் எப்படி இருந்தன என்பதற்குத்தான் இனி வருகிறேன்.

1861இல் ஹாஜ் உமர் தால் சேகு நகரைப் பிடித்து, பமானா அரசின் புனிதப் பொருள்களை எரித்தார். அது போர், அது மதம். அடுத்து வந்தது விஞ்ஞானம்.

1931இல் பிரெஞ்சு அரசு டாக்காரிலிருந்து ஜிபூத்தி வரை ஆப்பிரிக்காவைக் குறுக்காகக் கடக்க ஒரு ஆய்வுக் குழுவை அனுப்பியது. தலைவர் மார்செல் கிரியோல், செயலாளர் எழுத்தாளர் மிஷேல் லெய்ரிஸ். பணம் திரட்ட பாரிசில் ஒரு குத்துச்சண்டை நடத்தினார்கள். அதில் மோதியவர் கறுப்பினத்தைச் சேர்ந்த உலக வீரர் பனாமா அல் பிரவுன். ஒரு கறுப்பர் அடிவாங்கியும் அடித்தும் திரட்டிக் கொடுத்த காசில் கறுப்பர்களின் பொருள் வாரப் புறப்பட்டது அந்த வண்டி.

1931 செப்டம்பர் 6, மாலியின் கெமேனி கிராமம். அங்கே கோனோ என்ற அமைப்பின் கோயில் குடிசை. கோமோவைப் போன்றதே கோனோவும். உள்ளே பார்க்க வேண்டும் என்றார்கள். பலி கொடுக்காமல் நுழையக் கூடாது என்றது ஊர். சரி, கோழி கொண்டுவாருங்கள் என்றார்கள். ஊர் இழுத்தடித்தது. கிரியோலுக்குப் பொறுமை போனது. 10 பிராங்க் வாங்கிக்கொண்டு கோனோவைக் கொடுத்துவிடு, இல்லையென்றால் லாரிக்குள் ஒளிந்திருக்கிற போலீஸ் ஊர்த்தலைவரையும் பெரியவர்களையும் சான் நகருக்குப் பிடித்துக்கொண்டு போகும் என்று சொல்ல வைத்தார். லாரிக்குள் போலீஸ் இல்லை. பொய். ஊர்க்காரர்கள் யாரும் அதைத் தொட்டுத் தூக்க மறுத்தார்கள். வெள்ளைக்காரர்களே உள்ளே போய்த் தார்ப்பாயில் சுற்றி எடுத்து வந்தார்கள். பெண்களும் சிறுவர்களும் ஓடி ஒளிந்தார்கள். மறுநாள் ஜாபூகூ என்ற இன்னொரு ஊர். அங்கே எடுத்தது இரத்தம் உறைந்து இறுகிய, பன்றிக்குட்டி போன்ற, 15 கிலோவுக்குக் குறையாத ஒரு போலி. (நம் மொழியில் இந்தச் சொல் வேறு அர்த்தம் தருகிறது, அவர்களுக்கு அது ஆற்றல் நிறைந்த பலிப்பொருள்.) அது இன்று பாரிசில் கே ப்ரான்லி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த விவரமெல்லாம் ஊர்க்காரர் சொல்லி நமக்குத் தெரிந்ததல்ல. லெய்ரிஸ் தன் நாட்குறிப்பில் எழுதி 1934இல் அச்சிட்டார். அவருக்கு மனசாட்சி உறுத்தியது, அதையும் எழுதினார். எழுதியதால் பொருள் திரும்பிவிடவில்லை. சுமார் 3,500 பொருள்களோடு 1933இல் பாரிஸ் திரும்பினார்கள். அதே கிரியோல்தான் 1938இல் டோகோன் முகமூடிகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதி அறிஞரானார். 2025இல் கே ப்ரான்லி அருங்காட்சியகமே ஆப்பிரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, அந்தப் பயணத்தை மறுவிசாரணை செய்யும் கண்காட்சி ஒன்றை நடத்தியது. குற்றம் நடந்து 94 வருடம் கழித்து விசாரணை.

கெமேனியின் அந்தக் காட்சியில் என்னை உறுத்துவது ஒன்று. நீதி சொல்கிற இடத்துக்குள் நுழைய அவர்கள் பயன்படுத்தியது இன்னொரு நீதியின் பெயர்: போலீஸ். இல்லாத போலீஸ். ஒரு முகமூடியை எடுக்க இன்னொரு முகமூடியைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். இந்த இடத்தில் மட்டும் அந்தப் பழைய தமிழ்ச்சொல்லுக்கு நான் நன்றி சொல்கிறேன்.

காலனிக்காரனைத் திட்டுவது சுலபம். நமக்குக் கஷ்டமான கதை கினியில் நடந்தது.

கினியின் கடற்கரைச் சதுப்பில் பாகா மக்கள் நெல் விளைவிக்கிறார்கள். அவர்களுடைய டிம்பா, வெளியுலகம் நிம்பா என்று அழைப்பது, தோள்வரை இறங்குகிற பெரிய மரப் பாதியுருவம். வளைந்த மூக்கு, பல பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து வற்றித் தொங்கிய தட்டையான முலைகள். தெய்வமல்ல, ஆவியும் அல்ல. பெண் எப்படி நிமிர்ந்து வாழலாம் என்பதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட உருவம். வற்றிய முலையை இலட்சியம் என்று தூக்கிவைத்து ஆடிய மக்கள். கல்யாணத்திலும் அறுவடையிலும் வரும். பெண்கள் அரிசி தூவுவார்கள், பாடுவார்கள், அந்த முலையைத் தொட்டுக்கொள்வார்கள். இதைத் தவிர ஆண்களின் இரகசியத் தீட்சைக்கான பயங்கர உருவங்கள் வேறு. அவை மூப்பர்களின் கையில். இளைஞன் பல வருடம் மூப்பரின் வயலில் உழைக்க வேண்டும், மூப்பர் சொன்னால்தான் பெண், மூப்பர் சொன்னால்தான் தீட்சை.

1956-57இல் அசெக்கு சயோன் என்ற முஸ்லிம் போதகர் பாகா ஊர்களுக்குள் வந்தார். புனிதத் தோப்புகளை வெட்டினார், முகமூடிகளையும் சடங்குப் பொருள்களையும் வெளியே இழுத்து அழித்தார். அவரோடு சேர்ந்து வெட்டியவர்களில் ஊர் இளைஞர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு அது மூப்பரின் நுகத்தடியை முறித்த நாள். இதை ‘பாரம்பரியத்தின் அழிவு’ என்று ஒற்றை வரியில் புலம்ப நான் தயாரில்லை. அந்த முகமூடியின் நிழலில் இலவசமாக உழைத்தவனிடம் கேட்டுவிட்டுத்தான் புலம்ப வேண்டும்.

1958 அக்டோபர் 2 அன்று கினி விடுதலை பெற்றது. சேக்கு தூரே ஆட்சி. 1959 முதல் 1961 வரை அவர் கட்சி வனப்பகுதிகளில் ‘மாயை நீக்கும்’ இயக்கம் நடத்தியது. காரணம் நியாயமாகத்தான் சொன்னார்கள்: இனக்குழுப் பிரிவினை ஒழிய வேண்டும், பெண்களும் இளைஞர்களும் மூப்பர் ஆதிக்கத்திலிருந்து விடுபட வேண்டும், மூடநம்பிக்கை போக வேண்டும். நம் மேடைகளில் கேட்ட பேச்சு மாதிரியே இருக்கும். லோமா, கெர்சே, கிஸி மக்களின் ஊர்களில் முகமூடிகளை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்து, பார்க்கக் கூடாத பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டி வைத்துக் காட்டினார்கள். ‘பாருங்கள், வெறும் மரம்.’ பிறகு நெருப்பு.

வாசிப்பு வட்டத்தில் கேட்ட அந்த அக்கா அன்று அங்கே நின்றிருந்தால் கைதட்டியிருப்பாரா? தட்டியிருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு பயந்து கிடந்தவள், இதற்கா பயந்தோம் என்று சிரிப்பதற்கு உரிமை உள்ளவள். ஆனால் யார் எரிப்பது என்பதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பாகா இளைஞர்கள் எரித்தது தங்கள் தலைமேல் இருந்ததை. வனப்பகுதியில் எரித்தவன் தலைநகரிலிருந்து வந்த கட்சிக்காரன். எரித்த பிறகு மூப்பர் உட்கார்ந்திருந்த இடத்தில் கட்சிச் செயலாளர் உட்கார்ந்தார். தீயணைக்கச் சொன்ன முகமூடி போனது, அபராதம் போகவில்லை. அதே அரசு, கிராமத்தில் எரித்த முகமூடிகளை மேடையில் ஏற்றி, ‘பாலே ஆஃப்ரிக்கேன்’ குழுவின் மூலம் உலகநாடுகளில் ஆடவைத்துக் கைதட்டு வாங்கியது. அந்தக் குழுவைத் தொடங்கிய ஃபோதேபா கெய்ட்டா அமைச்சராகவும் இருந்தார்; 1969இல் சேக்கு தூரேயின் போய்ரோ சிறைமுகாமில் கொல்லப்பட்டார். இரகசியத்தை ஒழிக்கிறோம் என்று கிளம்பிய ஆட்சிக்கு அந்த முகாமைவிடப் பெரிய இரகசியத் தோப்பு தேவைப்பட்டது.

சேக்கு தூரே 1984இல் இறந்தார். அதன்பின் வந்த வருடங்களில் பாகா ஊர்களில் டிம்பாவை மறுபடி செதுக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் இப்போது முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும்; பழைய மதம் இல்லை. பயமுறுத்திய ஆண்களின் தீட்சையும் அதன் உருவங்களும் அதோடு சேர்ந்து திரும்பவில்லை. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் டிம்பா வருகிறாள். உள்ளே இருக்கிற ஆள் முப்பது நாற்பது கிலோ மரத்தைத் தலையிலும் தோளிலும் தாங்கி, அந்த வற்றிய முலைகளுக்கு நடுவே உள்ள இரண்டு துளைகள் வழியாகப் பார்த்துப் பார்த்து நடக்கிறான். சுற்றிப் பெண்கள், கைநிறைய அரிசி.